மஸ்கெலியாவில் தும்பை பறிக்கப் போகிறவர்களுக்கு

சளியும் தலைபாரமும் என்னை விட்டுப் போகாத ஒரு பங்குனியில் இந்தப் பயணம் நடந்தது. அதற்கு மேல் என் உடம்பைப் பற்றி எழுதப் போவதில்லை. கொழும்பில் என்னோடு வேலை செய்யும் ராணிதான் காரணம். "எங்க அக்கா வீட்டுக்குப் போங்க. மழை விழுந்திருக்கு, மலையெல்லாம் தும்பை பூத்துக் கிடக்கும். அவிச்சு ஆவி பிடிச்சா எல்லாம் இறங்கிரும்" என்றாள். தும்பையைச் சிவனுக்குச் சூட்டும் பூவாக மட்டுமே அறிந்திருந்த எனக்கு அதன் மருந்துப் பக்கத்தையும் பார்க்க ஆசை வந்தது.

ஹட்டன் பேருந்து நிலையத்திலிருந்து மஸ்கெலியாவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். நீர்த்தேக்கம் அந்தப் பக்கம் வந்து வந்து மறையும். மஸ்கெலியாவிலிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீற்றர். ஓட்டோக்காரர் தொள்ளாயிரம் ரூபாய் கேட்டார். "மழை பெஞ்ச ரோட்டு தங்கச்சி, வண்டிய நான் ஓட்டுறனா அது என்னைய ஓட்டுதான்னு நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

ராணியின் அக்கா சாந்தி கொழுந்து பறிக்கிறவர். அவர் கணவர் குமார் தேயிலைக்கு இடையில் வளரும் புல்லைச் சாகடிக்க மருந்தடிக்கிறவர். நான்கு வயது மகள் தர்ஷி மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னை அளந்தாள். மூன்று நாளாக அவளுக்கும் சளி. "நல்லதாப் போச்சு, ஒரே பறிப்புல ரெண்டு பேருக்கும் வைத்தியம்" என்றார் சாந்தி அக்கா.

தோட்டத்தில் மலைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், இன்று எந்த நம்பருக்கு மருந்து என்பதையும் சொல்லிவிடுவார்கள். அந்த மலைப் பக்கம் யாரும் கீரைக்கோ மூலிகைக்கோ போக மாட்டார்கள். மருந்து பட்ட செடி வாடுவதற்கு நாலைந்து நாள் பிடிக்கும். அதுவரை பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். அன்று பெரட்டில் சொன்னது நாலாம் நம்பர். ஆகவே சாந்தி அக்கா வேலை முடிந்து வந்ததும் குறுக்குப் பாதையில் என்னை அஞ்சாம் நம்பருக்கு அழைத்துப் போனார்.

தேயிலை வரிசைகளின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குத் தும்பை. முடிச்சு முடிச்சாக வெள்ளைப் பூ. பறித்துக்கொண்டே அவர் சொன்னவை: இலையும் தண்டும் ஆவிக்கு. பிஞ்சு இலை தேங்காய்ப்பூ போட்டு வறுக்க. பூவையும் இலையையும் கசக்கிப் பிழிந்த சாறு இரண்டு சொட்டு, தேனில் குழைத்துப் பிள்ளைகளுக்கு. "அட்டை கடிச்ச இடத்துக்கு?" என்று கேட்டேன், என் காலில் அப்போது ஒன்று ஏறிக்கொண்டிருந்ததால். "அதுக்கு மருந்து, கடிக்க விடாம இருக்கிறது" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து எனக்காக ஒரு பானை அடுப்பில் ஏறியது. தர்ஷிக்குச் சாறு பிழிந்து கரண்டியில் தேனோடு தயாரானது. பிள்ளை கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

"வா கண்ணு, தேனு."

"பொய்யி. பச்சையா இருக்கு."

"மாமிதான் முதல்ல குடிக்கப் போறாங்க, பாரு!"

நான் வாயைத் திறந்து காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். சாந்தி அக்கா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக் கரண்டியை உதட்டருகே கொண்டுபோன நேரத்தில் குமார் வாசலில் வந்து நின்றார்.

"தும்பை வாசமா இருக்கே. எங்க பறிச்ச?"

"அஞ்சுலதான். நீங்கதான் நாலுக்கு அடிக்கிறீங்களே."

அவர் பாய்ந்து வந்து கரண்டியைத் தட்டிவிட்டார். "வாயில போச்சா? சாந்தி, வாயில போச்சா?"

"இல்லங்க... இன்னும் குடுக்கல. என்னங்க?"

"நாலுல காத்து, அடிக்க முடியல. பெரட்டு கலைஞ்ச பெறகு கங்காணி அஞ்சுக்குப் போகச் சொல்லிட்டாரு. இன்னைக்கு முழுக்க அங்கதான் அடிச்சேன். ரோட்டோரம் அடையாளத்துக்குச் சாக்குக் கிழிச்சுக் கட்டி வச்சிருந்தேனே, பாக்கலையா?"

"நாங்க குறுக்கால போனோம்ங்க."

சாந்தி அக்கா பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் வாய், கை, முகம் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினார். தர்ஷி கத்திய கத்தலில் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே எட்டிப் பார்த்தன. குமார் பானையோடு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தார். நானும் கை கழுவினேன், திரும்பத் திரும்ப. புதைத்துவிட்டு வந்த குமார் மகளை மடியில் வைத்துக்கொள்ளப் போய், தன் சட்டையைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். குளித்து வந்த பிறகே தூக்கினார். "உன் பிடிவாதம் நல்ல பிடிவாதம்டி" என்று அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். மறுநாள் பிள்ளையைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோவதென்று முடிவானது.

இதைப் படித்துவிட்டுத் தும்பை வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அது நல்ல செடி. ஆனால் மலையகத்தில் ஒரு செடியைப் பறிக்கும் முன், அதன் குணத்தைக் கேட்பதற்கு முன்பே, அந்த மலைக்குக் கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று கேளுங்கள். காலையில் பெரட்டில் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள், அடித்தவரையே கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் பூவைப் படமெடுத்துக்கொண்டு திரும்புங்கள். பிள்ளைக்குச் சளி நீடித்தால் டிஸ்பென்சரி இருக்கிறது.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். பெரட்டு கலைந்திருந்தது. முதுகில் மருந்து டேங்கோடு குமார் மலைக்குப் போகாமல் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து வந்தார்.

"ஏழாம் நம்பர்! இன்னைக்கு ஏழாம் நம்பர்! அஞ்சுலயும் கை வைக்காதீங்க!"

"என்னண்ணே, மீனு விக்கிறீங்களா?" என்று ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது. பெண்கள் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அந்த வீட்டு வாசலிலேயே நின்று, இன்னொரு முறை சொன்னார்.