பாதிக் கயிறு

மடியில் முறம், கையில் ஊறின அவரைக்கொட்டை. ரெண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப்போய் விழும். அடுத்தவர் இடுப்பை அளக்கிற வேலையும் இப்படித்தான், பிடித்தோம் என்று நினைக்கும்போதே நழுவிவிடும். நாலு பேர் எதிரில் பேசக் கூசுகிற என்னைப் போன்ற சகோதரிகளுக்கு என் பாடு புரியும் என்றுதான் நடுநடுவே முறத்தைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன், பிள்ளையை அத்தை பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் மாதா கோயில் ஹாலுக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். மார்வலியில் போகிறவர்களை நாற்பதில் பார்த்து என்ன பயன், பதினஞ்சு வயசிலேயே பார்க்கணும் என்பது அவர் கட்சி. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, ரெண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றணும். முனை முட்டினால் வீட்டுக்குப் போகலாம். முட்டாவிட்டால் உள்ளே போய் பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்க்கணும். கயிறு பிடிக்க அஞ்சாவது படித்த நான்.

நெஞ்சு

எங்கள் ஊரில் பையனை நிற்க வைத்து அளந்தால், அது சுரங்கத்துக்கு ஆள் எடுக்கத்தான். டாக்டரம்மாவுக்கு அது தெரியாது. முதல் நாளே வாசலில் கூட்டம். ஒவ்வொருத்தனும் வயிற்றை முதுகோடு ஒட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "சும்மா நில்லுப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தன் கயிற்றைப் பிடித்து மேலே ஏற்றியே விட்டான். "இன்னாக்கா, நெஞ்ச வுட்டுட்டு வயித்தப் போயி அளக்கறீங்க? அண்டர்கிரவுண்டுல கல்ல ஒடைக்கறது வயிறா?"

மூணு விரல்

பெண் பிள்ளைகளுக்குத் தனி வரிசை. அங்கே எனக்குக் கொஞ்சம் தைரியம். ஒரு பெண்ணுக்குக் கயிறு எட்டவில்லை. "மூணு விரல் கொறையுது!" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டேன். அவள் அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். "மெதுவாச் சொல்லும்மா! பங்காருபேட்டையிலருந்து பொண்ணு பாக்க வராங்க, ஒல்லின்னு சொல்லி வெச்சிருக்கறோம்!"

பேர் இன்னா?

பஜார் மளிகைக்கடை அம்மா ஒரே மகனோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் போன வருஷம் கல்லாவில் உட்கார்ந்தபடியே மார்வலியில் போய்விட்டார். "அவங்கப்பா வாகு. வேற ஒண்ணுமில்ல" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. பையன் மூச்சை இழுத்துப் பிடித்தான், முனை முட்டியது. அந்தம்மா மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

விட்டிருந்தால் அவன் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பான். "மூச்சை விடு" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, கயிற்றை விடவும் மனசில்லை. அவன் முகம் சிவந்துகொண்டே போனது. கடைசியில், புது மனுஷரிடம் எனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "தம்பி, உன் பேர் இன்னா?"

"ரவி" என்றான். அவ்வளவுதான், வயிறு வெளியே வந்துவிட்டது. ஹாலே சிரித்தது, அவன் அம்மாவைத் தவிர.

உள்ளே சர்க்கரை பார்க்க நீல மருந்தோடு மூத்திரத்தைக் காய்ச்சினார்கள். நீலமாகவே நிற்க வேண்டியது பச்சையாகிவிட்டது. டாக்டரம்மா அந்தம்மாவின் கையைப் பிடித்து, இப்பவே தெரிந்தது நல்லது, சோற்றையும் இனிப்பையும் குறைத்து நடக்க வைத்தால் அப்பா வழிக்குப் போகமாட்டான் என்றார். வெளியே வந்த அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார். "பேரக் கேட்டே எம்புள்ளையக் காட்டிக் குடுத்துட்டியேம்மா, நீ நல்லா இருக்கணும்."

மறுபடி ரவி

டாக்டரம்மா அடுத்த தடவை வந்தபோது மழைக்காலம். ரவிதான் வரிசையில் முதல் ஆள். சைக்கிளைக் கடையில் பூட்டிவிட்டு, சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளுக்குச் சாமானெல்லாம் நடந்தே கொண்டுபோய்க் கொடுக்கிறானாம். வெல்ல டின் சாவி அம்மா இடுப்பில். கையைத் தூக்கி நின்றவன் துவரம்பருப்பு விலை, கடை வாசல் நாய், மழை என்று நிறுத்தாமல் பேசினான். கயிறு முட்டியது, உள்ளே மருந்தும் நீலமாகவே நின்றது. ஆனால் நான் கயிற்று முனையைப் பார்த்து முடிக்கிறவரை அவன் வாய் ஓயவில்லை. "பேசிக்கினே இருக்கறேன், பாத்துக்கங்கக்கா, மூச்சு புடிக்கல, நல்லா அளங்க!"

இத்தனை பேரை அளந்ததில் எனக்குத் தெரிந்தது என்னவென்றால், எங்க ஊர் ஜனங்க வயிற்றைக்கூட உள்ளே இழுத்துப் பிடிச்சிடுவாங்க, ஆனா வாயை மட்டும்... என்ன அத்தை? புள்ள முறத்துல உக்காந்துக்கினானா? ஐயோ, பருப்பெல்லாம், இதோ வந்துட்டேன்...