பேனலில் படிந்த வெள்ளை

இருபத்தைந்து வருஷம் உழைக்கும் என்று சோலார் பேனல் பொருத்தியவர் சொன்னபோதே எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கடை திறந்தே நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் பட்டு நூல் சுற்றும் மோட்டார்கள் ஓடுகின்றன. அவற்றுக்காகத்தான் மொட்டை மாடியில் பேனல்களை வைத்தோம். இரண்டு வருஷம் குறையில்லை. மூன்றாவது கோடையில், சுட்டெரிக்கிற வெயிலிலும் மின்சாரம் குறைந்துகொண்டே வந்தது.

என் கணவருக்குப் பக்கத்து வீட்டின் மேல் சந்தேகம். அங்கே இருக்கும் அக்கா சாயப்பட்டறை நடத்துகிறார். விறகடுப்புப் புகை எங்கள் மாடிப் பக்கம்தான் சாயும்.

"உங்க பொகைதான்கா எங்க பேனலை நாசம் பண்ணிக்கினு இருக்குது" என்று இவர் தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"பட்டறை எங்க மாமியார் காலத்துலேர்ந்து இருக்குது. நேத்து வந்த கண்ணாடிக்கு நான் இன்னாபா பண்றது?" என்றார் அக்கா. அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சந்தேகப்பட்டது பொருத்தியவரை. எங்கேயோ கழற்றிய பழைய பேனலைத் துடைத்து எங்கள் தலையில் கட்டிவிட்டாரோ? போன் செய்தால் எடுக்கவில்லை. சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஒரு மதியம் மாடியில் தடதடவென்று சத்தம். கோயில் பக்கத்துக் குரங்குகள் என்று நினைத்துக் கம்போடு ஏறினேன். குரங்கு இல்லை, என் கணவர். பேனலின் மேலேயே ஏறி நின்று, போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சி, பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் இப்படித்தான் கழுவறீங்களா?"

"பின்ன? வெயில் காலம் ஆரம்பிச்சதுலேர்ந்தே கழுவறேன். பொகை படிஞ்சா யாரு கழுவறது?"

கிட்டே போய்ப் பார்த்தேன். புகை படிந்தால் கறுப்பாக அல்லவா இருக்கும்? கண்ணாடியில் படிந்திருந்தது வெள்ளை. எங்கள் குளியலறைக் குழாயில் படிகிற அதே உப்பு. நகத்தால் சுரண்டியும் வரவில்லை.

நேராகக் கடைக்கே போய்ப் பொருத்தியவரை அழைத்து வந்தேன். "உப்புத் தண்ணிமா. கொதிக்கிற கண்ணாடியில ஊத்தினா அப்படியே காஞ்சு ஒட்டிக்கும். வெயிலு எப்படி உள்ள போகும்?" என்றார். ஏதோ திரவம் போட்டு வெள்ளையை எடுத்தார். ஒரு பேனலில் மட்டும், நத்தை ஊர்ந்த தடம் போலப் பழுப்புக் கோடுகள் தெரிந்தன.

"உள்ள விரிசல் வுட்டிருக்குது. யாராவது மேல ஏறி நின்னாங்களா?"

"கொரங்கு" என்றார் என் கணவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

"கொரங்குக்கு இவ்ளோ வெயிட்டு ஏது சார்? இதுக்கெல்லாம் வாரண்டி வராது."

கணவரை நான் காட்டிக்கொடுக்கவில்லை. என் கணவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் விரிசலுக்கு அவர் கால்தான் காரணமா, இல்லை அந்தப் பேனல் வரும்போதே அப்படித்தான் வந்ததா? வாரண்டி வராது என்று அந்த மனிதர் அத்தனை சட்டென்று சொன்னது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த ஒன்றைக் கழற்றி ஓரமாக வைத்தோம். மற்றவை பழையபடி மின்சாரம் தந்தன. இப்போது விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன், என் கணவர் குடிதண்ணீரில் துணியை நனைத்து, மாடித் தரையில் நின்றபடி துடைக்கிறார். தரையில்தானா என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வெள்ளையை எடுத்த அந்த வாரமே பட்டறைக்குப் போனேன். அக்கா கழியில் தொங்கவிட்ட நூலைக் கொதிக்கிற சாயத்தில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க பொகை இல்லக்கா. எங்க தண்ணிதான்."

அவர் நிமிரவில்லை. "பொகைக் கொழாயைக் கூட ஒசத்தி வச்சிட்டேன். இப்ப எதுக்கு வந்து சொல்றே? இன்னா வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம்கா."

நம்பாமல் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கழியின் மறுமுனையை என் பக்கம் நீட்டி, "சரி, புடி. நூலு சிக்கிக்கப் போவுது" என்றார்.