அப்பாவின் கைப்பட்டைக்கு ஒரு ஆஸிலோஸ்கோப்

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாலையில் வீடு திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் பாதியைச் சாலிடரிங் சாமான்களால் பிடித்துக்கொள்வாள். அப்பாவுக்குக் காது மந்தம். காலிங் பெல் அடித்தால் அதிரும் ஒரு கைப்பட்டையை அவருக்காக அவளே செய்தாள். அது நன்றாகவே அதிர்ந்தது, யாரும் பெல் அடிக்காதபோதும். ஒரே நாளில் ஏழு முறை எழுந்துபோய் வெறும் வாசலுக்குக் கதவு திறந்தார் அப்பா.

“இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கழட்டிடுவேம்மா,” என்றார். கழற்றினால் மறுபடி மாட்டமாட்டார். காது கேட்கும் கருவியை அப்படித்தான் அலமாரிக்குள் அனுப்பினார்.

சுவரில் இருக்கும் பெல் பெட்டிக்குள் எங்கோ ஒரு பொய்த் துடிப்பு வருகிறது என்றாள் அக்கா. அதைப் பிடிக்க, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வேண்டும். கட்டுப்படியாகும் விலையில் ஒன்றைத் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பவன் நான்தானே.

பதினெட்டு நாள் ஆராய்ந்தேன். பதினான்கு மாடல்களுக்கு அட்டவணை போட்டேன். இருநூறு மெகாஹெர்ட்ஸ், நான்கு சேனல் என்று யாரும் கேட்காததையெல்லாம் விளக்கினேன்.

“இதுல நம்ம பெல்லுக்கு எது போதும்?” என்று அக்கா கேட்டாள்.

அந்தக் கட்டம் மட்டும் என் அட்டவணையில் இல்லை. கடைசி வரிசையில் கிடந்த மலிவான ஒன்றை அவளே வாங்கினாள். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பார்சல் வந்த அன்று, அவள் வருவதற்குள் நானே பிரித்து, அதன் ஒயரில் இருந்த சோதனை முனையைப் பெல் பெட்டிக்குள் வைத்தேன். ஐந்து வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அரை வோல்ட் காட்டியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டு மூன்று சுற்று டேப் ஒட்டிவைத்தேன்.

“சொன்னேன்ல? மலிவா வாங்கினா இப்படித்தான்,” என்றேன் அக்கா வந்ததும்.

அக்கா டேப்பைக் கிழித்தாள். முனையின் கைப்பிடியில் இருந்த குட்டி ஸ்விட்சைக் காட்டினாள். அது ‘பத்து’ என்ற இடத்தில் இருந்தது. வருவதில் பத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். திரையிலும் அதே பத்தை வைத்தால்தான் கணக்குச் சரியாகும்.

“மேனுவல் படிச்சியாடா?”

“நாப்பது ரிவ்யூ படிச்சேன்.”

“பெரிய விஞ்ஞானி!”

திரையில் பத்தை வைத்ததும் ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்து நின்றது. காத்திருந்தோம். சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமியது. கோடு ஒரு துள்ளு துள்ளியது. அப்பா எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

“அப்பா, உக்காருங்க! வந்திருக்கிறது ஃபிரிட்ஜு!” என்று கத்தினாள் அக்கா.

மறுநாள் அந்தத் துள்ளலை விழுங்கிவிடும் ஒரு சின்ன கெப்பாசிட்டரைப் பெல் பெட்டிக்குள் வைத்துப் பற்றவைத்தாள். மாதம் முடிய இரண்டே நாள். ஃபிரிட்ஜ் மறுபடி உறுமியது. கோடு அசையவில்லை. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தோம். அவர் பேப்பரில் பக்கத்தைப் புரட்டினார், நிமிர்ந்தார்.

“எதுக்கு ரெண்டு பேரும் என் மூஞ்சியையே பாக்குறீங்க? போய் வேற வேலை பாருங்க.”