பள்ளிக்குப் போன பிரெஞ்சுக் கேக்

ஆலங்குடாவில் கடற்கரைப் பக்கம் போனால் அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் வர முடியாது. நாலு மாடி. உள்நாட்டுச் சண்டை முடிந்து நாலைந்து வருஷத்தில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும் இந்த மணலுக்கு ஒரு மவுசு வந்தது. கொழும்பு ஆட்கள் வந்து கட்டினார்கள். அவர்களுக்குப் பிரான்ஸ் தேசத்தின் மேல் அப்படி என்ன காதலோ! பல்கனிக்கு வளைந்த இரும்புக் கம்பி, தெருவிளக்குக்குப் பூ வேலை, வாசலில் ஊதாப் பூச்செடி. கம்பியை உப்புக் காற்று ஒரே வருஷத்தில் தின்றது, செடி முதல் வெயிலிலேயே செத்தது. மாடி வீடுகளை விற்பதற்கு 'கடலோரப் பாரிஸ்' என்று போர்ட் வேறு. அந்தப் போர்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சொல்ல வந்தது அங்கே கீழ்மாடியில் இனிப்புச் செய்த றுக்கியாவைப் பற்றி. அதே கட்டடத்துக் கேற்றில் காவல் நிற்கிற என் புருஷன் பாயிஸின் தங்கச்சி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது ஒன்பது வயசுப் பிள்ளையாக வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவள். அகதிக் காம்பில் வளர்ந்து, காம்பிலேயே கல்யாணம் முடித்தாள். முடித்தவன் கட்டாருக்குப் போய் அங்கே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான், நாசமாய்ப் போவான். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவித்து விற்றுத்தான் இவள் ஒரு மகளை வளர்த்தாள். அவளைப் புகழுகிற ஆள் நானில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் அவளுடைய கைப்பக்குவத்தை இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

அந்தக் கைப்பக்குவத்தைக் கேள்விப்பட்டுத்தான் கட்டட மனேஜர் ஃபைஸல் அவளை வேலைக்கு எடுத்தான். புத்தளம் டவுன் ஆள். தலையில் தொப்பி, பேச்சுக்குப் பேச்சு அல்ஹம்துலில்லாஹ். கொழும்பிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்து அவளுக்கு மூன்று மாதம் பழக்கினான். மக்கரோன், எக்லேர், அப்புறம் சீனிப் பாணியில் ஊறவைக்கிற சின்னச் சின்னக் கேக். மக்கரோனுக்குப் பாதாம் மா முடிந்துபோன ஒருநாள் இவள் கஜுவை, அதுதான் முந்திரிப் பருப்பை, இடித்துப் போட்டாள். பல்கனியில் இருந்து தின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. பிரான்ஸ், பிரான்ஸ் என்று உருகியவர்கள் தின்றது நம்முடைய கஜு.

றுக்கியாவுக்கு ஒரு பழக்கம். காம்பில் யார் யாரோ கொண்டுவந்து கொடுத்த டின் சாப்பாட்டைத் தின்று வளர்ந்தவள், டின்னில் இருக்கிற எழுத்து விளங்காவிட்டால் யாரிடமாவது ஹலாலா என்று கேட்காமல் திறக்கவே மாட்டாள். கட்டடத்திலும் ஒவ்வொரு பைக்கெட்டையும் ஃபைஸலிடம் நீட்டுவாள். பன்றித் தோலில் எடுத்த ஜெலட்டின் ஒன்றை அப்படித்தான் திருப்பி அனுப்ப வைத்தாள். அதோடு அவன் உஷாராகிவிட்டான். பாணியில் ஊற்றுகிற போத்தல் லேபல் இல்லாமல் வந்தது. இவள் கேட்டாள்.

"எசன்ஸ்தான் றாத்தா. நானும் முஸ்லிம்தானே, ஹராமான சாமான ஒங்கட கையில தருவேனா?" என்றான்.

இவள் நம்பினாள். தொப்பி போட்டவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

நோன்பு வந்தது. மிஞ்சுகிற கேக்கைக் கட்டடத்தில் நாய்க்குப் போடுவார்கள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்கு அனுப்பட்டுமா என்று ஃபைஸலிடம் கேட்டிருக்கிறாள். தாராளமாக அனுப்புங்கள், நன்மைதானே என்றானாம். அதைச் சொல்ல அவனுக்கு எப்படி வாய் வந்ததோ! அன்றிலிருந்து பள்ளியில் கஞ்சி, பேரீச்சம்பழத்தோடு பிரெஞ்சுக் கேக்கும் வந்தது. காம்ப்காரி என்று முகத்தைத் திருப்பிய பெரிய மனுஷர்கள்கூட றுக்கியாவின் கேக் எங்கே என்று தேடினார்கள். பெருநாள் வட்டிலப்பத்துக்கு வீடு வீடாக அவளிடம் சொல்லி வைத்தார்கள். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் இந்த ஊர்க்காரி ஆனாள். என் புருஷனும் தங்கச்சியின் கேக் என்று தினமும் நாலு துண்டு தின்றுவிட்டு வருவார்.

பன்னிரண்டாம் நோன்பன்று அல்பொன்சா பாத்திரம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். தலவிலைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பொம்பிளை, புருஷன் பெருங்குடிகாரன். அந்தப் போத்தலைத் திறந்த கையோடு, "றுக்கியாக்கா, இது ரம். எங்கட வீட்டு மணம்" என்றாள்.

றுக்கியாவுக்கு அந்த மணம் எப்படித் தெரியும்? சாராயக் கடையைக் கண்டால் ரோட்டின் மற்றப் பக்கத்தால் போகிறவள் அவள். மாடி வீட்டுக்காரர்கள் பிரான்ஸில் தின்ற அதே ருசி வேண்டும் என்றார்களாம். சொன்னால் இவள் செய்ய மாட்டாள் என்று ஃபைஸல் ஏமாற்றியிருக்கிறான்.

கேக் அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. அவள் நேரே பள்ளி வாசலுக்குப் போய், எல்லோரும் கேட்க மௌலவியிடம் சொன்னாள். தெரியாமல் தின்றதற்குக் குற்றமில்லை, அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மௌலவி முடித்துவிட்டார். ஊர் முடிக்கவில்லை.

முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது. குழாயடியில் பத்துப் பேர் நடுவே, "நோன்பாளிக்குச் சாராயம் ஊட்டினவ" என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது. வட்டிலப்பத்துக்குச் சொன்னவர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அவள் அயலுக்குக் கொடுத்த தட்டு மூடிகூடத் திறக்காமல் திரும்பிப் போனது. கட்டட வேலையை அன்றே விட்டுவிட்டாள். வட்டிலப்பமும் போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. வெறும் தண்ணீர்ச் செம்போடு போனாலும் மறித்து, இதுல என்ன போட்டீங்க என்று இளித்தார்கள். நானும் ஒருதடவை கேட்டேன்.

அவள் ஃபைஸலைச் சும்மா விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, மிச்ச மாடி வீடுகளைப் பார்க்கக் கொழும்பு முஸ்லிம் வியாபாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நோன்பு திறக்க மேசை போட்டு, நடுவில் கொழும்பு மாஸ்டரை மறுபடி வரவழைத்துச் செய்த அதே கேக்கைக் கோபுரமாக அடுக்கி, எல்லாம் ஹலால் என்று அவன் குழைந்துகொண்டிருந்தான். அல்பொன்சா பின்கதவைத் திறந்துவிட, றுக்கியா உள்ளே போய்ப் போத்தலை மேசையில் வைத்தாள்.

"ஹாஜியார், கேக்குல ஊத்துறது இதுதான். ரம். மணம் தெரியாம நான் ஊர் நோன்பாளிகளுக்குக் குடுத்திட்டேன். இவருக்குத் தெரியும்."

பெரிய ஹாஜியார் போத்தலைப் பார்த்தார், ஃபைஸலின் முகத்தைப் பார்த்தார், எழுந்தார். மற்றவர்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்கள். ஒரு வீடும் விலைபோகவில்லை. அந்த மாதமே ஃபைஸலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கேற்றில் அன்று காவல் என் புருஷன். இரண்டு பொம்பிளைகளும் வெளியே வரும்போது அல்பொன்சா இவரைப் பார்த்து, இத்தனை நாள் தின்ற ஆம்பிளைகள் ஒருத்தருக்குமா மணம் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறாள். இவர் தலையைக் குனிந்திருக்கிறார். றுக்கியா அதைப் பார்த்துக்கொண்டே போனாளாம்.

வீட்டுக்கு வந்தவரைப் பிடித்து உலுக்கினேன். கடைசியில் சொன்னார்.

"முதல் கடியிலயே தெரியும். சொன்னா, ஒனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கதானே."

பதினேழு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய மனுஷன். வெள்ளைக்காரன் மிச்சம் வைத்ததை எத்தனை தடவை குடித்தாரோ, நான் கேட்கவில்லை. இவர் ஒருத்தர் மட்டுமா? பள்ளியில் நாக்கைச் சப்புக்கொட்டித் தின்ற இன்னும் எத்தனை பேர்? தெரிந்தவன்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்கள், தெரியாதவளுக்கு நான் பெயர் வைத்தேன்.

அடுத்த நாள் கஞ்சி காய்ச்சி, சட்டியைத் துணியால் மூடி, பொழுது படுகிற மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சட்டியைப் பார்த்தாள்.

"இதுல என்ன போட்டீங்க மச்சி?"

பச்சரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, வெந்தயம், கொஞ்சம் இறைச்சி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"பாயிஸ் நானாட்ட மோந்து பாக்கக் குடுத்தீங்களா? அவருக்குத்தானே மணம் தெரியும்."

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். அவள் கதவைச் சாத்தினாள். நானும் நோன்பு. அந்தப் படியில் குந்தி, என் கஞ்சியை நானே குடித்து நோன்பு திறந்தேன்.