பாத்தித் தண்ணீரில் கரைத்த மை

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்றவள். நடுவில் சிலது மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது என் மடியில் இருக்கும் படப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிய ஓவியரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மரக்காணம் உப்பளத்துக்கு அவர் வந்தது மாசிக் கடைசியில். தோளில் துணிப்பை, தலையில் ஈரத் துண்டு. ரொம்ப காலத்துக்கு முன்பு கடலோரமாகவே ஊர் ஊராய் நடந்து படம் போட்ட ஒரு பெரியவரைத் தன் குரு என்றார். அவரை இவர் பார்த்ததில்லை, படங்களைப் பார்த்ததோடு சரி. அந்தப் பெரியவர் எந்த ஊருக்குப் போனாலும் அந்த இடத்துத் தண்ணீரில்தான் மையைக் கரைப்பாராம். இவரும் அப்படியே நடந்து வந்திருந்தார்.

மிதித்துக் கெட்டியாக்கிய உப்புப் பாத்திக்குள் வெளியாட்கள் கால் வைக்க விடமாட்டோம். சேறு கிளம்பினால் உப்பு கறுத்துவிடும். அதனால் அவர் வரப்பிலேயே நின்று பாட்டிலை நீட்டினார். "இந்த இடத்துத் தண்ணி கொஞ்சம் கொடுங்கம்மா, மை கரைக்கணும்."

பாத்தித் தண்ணீர் எங்கள் காலையே வெடிக்க வைப்பது, காகிதத்தை விடுமா? வந்தவர் கை நீட்டும்போது அதை மொண்டு கொடுக்க மனசும் வரவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு சாமான் வைக்கும் கொட்டகைக்குப் போய், வீட்டிலிருந்து கொண்டுபோன குடிதண்ணீரை ஊற்றினேன்.

பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த என் கூட்டாளி அதைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "இன்னாக்கா, நமக்கே ஒரு பாட்டில்தான். அதுல படத்துக்கும் பங்கா?"

"சும்மா இருடி. வந்தவரு கேக்கறாரு."

நாங்கள் பலகை பிடித்து உப்பு இழுப்பதை அவர் வரைந்தார். அவள் எட்டிப் பார்த்து, "அய்ய, என் இடுப்பு இம்மாம் அகலமா?" என்றாள். அவ்வளவு சரியாக இருந்தது. மை காய்ந்ததும் வெயிலில் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளும் அதே பாட்டில் தண்ணீர், அதே கிழிப்பு.

அன்று சாயங்காலம் பெரியவரின் படம் ஒன்றின் நகலைக் காட்டினார். வலை இழுக்கும் ஆட்கள். கறுப்பு மைக்குள் அங்கங்கே நொய் மாதிரி வெள்ளை.

"உப்பும்மா இது. மை காயறப்போ தானா பூத்தது. எனக்குப் பூக்கல. கை பத்தல போல. நாளைக்கும் இப்படியே இருந்தா நடந்தது போதும்னு ஊருக்குத் திரும்பிடுவேன்."

அது குடிதண்ணீர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஸ்திரிக்கே வாய் திறக்காமல் தலையாட்டிப் பதில் சொல்லுகிறவள் நான். அவருக்கும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

பாட்டிலைக் கொட்டகையில்தான் விட்டுப்போவார். மூன்றாம் நாள் அவர் வருமுன் அதிலிருந்ததைக் கொட்டிவிட்டு, உப்பு இறங்கும் பாத்தியிலிருந்து மொண்டு நிரப்பி வைத்தேன். உச்சி வெயிலுக்குள் மையின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"பாருங்கம்மா! இன்னிக்குத்தான் கை வந்துச்சு" என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. கூட்டாளி முழங்கையால் என்னை இடித்தாள். நான் குனிந்து பலகையை இழுத்தேன். சாயங்காலமே அவர் தெற்கே நடந்துவிட்டார்.

இந்தப் புத்தகத்தில் எங்கள் படமும் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் இரண்டு நாள் என் கைக்கு இந்த இடம் பிடிபடவில்லை, அதனால் கிழித்தேன், மூன்றாம் நாள்தான் பிடிபட்டது என்று போட்டிருக்கிறார். கூட்டாளிக்குப் படித்துக் காட்டினேன். "புக்குலயே போட்டுட்டாரா? இப்பவாவது சொல்லிடுக்கா" என்றாள். அவருக்கே எழுதலாமென்றால் உறையில் அவர் விலாசம் மட்டும் மழையில் கரைந்திருக்கிறது.

கிழித்தது இரண்டு படமா மூன்றா என்று எனக்கு நிச்சயமில்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே அவரிடம் சொல்லியும் விடுங்கள்: பூக்காதது என் வீட்டுத் தண்ணீர். கை முதல் நாளே வந்துவிட்டது.