வலை மாட்டும் இடம்

எங்கள் கரைக்கு நேர் கிழக்கே ஓர் இடத்தில் வலை மாட்டும். இழுத்தால் கிழிந்துதான் வரும். முன்பு அங்கே வெறும் சேறும் கடல்பாசியும்தான். எப்படியோ புதிதாக ஒரு பாரு முளைத்திருக்கிறது என்று பேசிக்கொண்டு, சில வருஷங்களாக எல்லோரும் அதைச் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். பாரு என்றால் கல்லும் பவளமும் சேர்ந்து கடலுக்கடியில் வளர்ந்த திட்டு. மீனுக்கு அது வீடு. வலைக்குத்தான் ஆகாது.

என் மகன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனதும் அந்தச் சில வருஷங்களுக்கு முன்னால்தான். கூடப் போகிறவனுக்கு அன்று காய்ச்சல். தனியாக வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் காற்று எழும்பியது. மணமேல்குடியிலிருந்து தெற்கே கரை முழுக்கத் தேடினார்கள். ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

எதுவும் ஒதுங்காததால் வீட்டில் காரியம் செய்யவில்லை. இலங்கைப் பக்கம் பிடித்து வைத்திருப்பார்கள், என்றைக்காவது விடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மருமகள் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு, தாலியோடும் பொட்டோடும் இருந்தாள். தெருவில் கல்யாணம் என்றால் ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுக்கவும் தயங்குவார்கள், கொடுக்காமல் விடவும் தயங்குவார்கள். இன்னொரு வாழ்க்கை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவளுடைய அப்பா வீட்டில் நினைத்தார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், "பெத்தவ வாயால சொல்லட்டும், பொறகு பாப்போம்" என்று என்னைக் காட்டினார்கள். அவன் இல்லை என்கிற அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

மாசியில் கடல் தெளிந்திருந்தபோது, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முங்குகிற பிள்ளைகள் சிலர் வந்தார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சம்பளம் எதுவும் இல்லாமல் மீன் எண்ண வந்தவர்கள். புயல் காப்பகத்தில் தங்கினார்கள். அவர்களுக்குச் சமைக்க என்னையும் மருமகளையும் வைத்தார்கள். எனக்கு வேற்று ஆட்களுக்கு முன்னால் பேச வராது. சோற்றுப் பாத்திரத்தை வாசற்படி வரை கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மருமகள்தான் பரிமாறுவாள்.

கடலடியில் நீளமாக ஒரு டேப்பை விரிப்பார்களாம். அதன் இரண்டு பக்கமும் மெல்ல நீந்திக்கொண்டே, கண்ணில் படுகிற மீனை வெள்ளைப் பலகையில் பென்சிலால் குறிப்பார்களாம். எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது. ஜோடி இல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் சொன்னபோது நான் அடுப்பில் விறகைத் தள்ளிவிடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அவர்களைப் படகில் கூட்டிப்போனது என் கொழுந்தன். வாய் ஓயாத ஆள்.

"மதினி, கேட்டீங்களா? மீனப் பிடிக்க மாட்டாகளாம், விக்க மாட்டாகளாம், சும்மா எண்ணிட்டுப் போவாகளாம். இவுகளுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?"

"எனக்கு மாப்பிள்ளைல்ல பாக்கணும்ணே," என்றாள் அந்தப் பெண்.

"அது இன்னும் கஷ்டம் தாயி. ஒன்னயும் எண்ணிட்டுப் போயிருவான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாயிருந்தது.

பாரு எங்கெங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்டபோது, வலை மாட்டும் அந்த இடத்தையும் கொழுந்தன்தான் சொன்னார். அங்கே போய்விட்டு வந்த சாயங்காலம் அந்தப் பெண் ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"பாட்டி, அது பாரு இல்ல! மூழ்கின வள்ளம்! அது நெறைய மீனு. வாங்க, வந்து பாருங்க."

கையைப் பிடித்து இழுத்துப்போய் லேப்டாப் முன்னால் உட்கார வைத்தாள். பச்சைத் தண்ணீர். சாய்ந்து கிடந்த பலகைகள். எஞ்சின் பெட்டிக்குள்ளிருந்து ஒரு களவா மீன் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. பிறகு திரையில் வள்ளத்தின் முன்பக்கம் வந்தது. அங்கே அறைந்திருந்த தகட்டில் ஒரா மீன்கள் கூட்டமாகப் பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன. கொத்தின இடம் பளபளத்தது. ஒரு மீன் அதில் தெரிந்த தன் நிழலைப் பார்த்து முட்டி முட்டி விலகியது.

"சண்டை போடுது பாருங்க, அது கூடவே!" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அந்தத் தகடு, மருமகளுக்குச் சீரில் வந்த எவர்சில்வர் தாம்பாளம். நங்கூரக் கயிறு உரசி மரம் தேய்கிறது என்று, யாரையும் கேட்காமல் அதை வெட்டி அடித்தவன் என் மகன். அதற்காக அவள் ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை. பூ வேலைப்பாடு செய்த அதன் விளிம்பு அப்படியே இருந்தது.

"அது எங்க வீட்டுத் தாம்பாளம்," என்றேன். அந்தப் பிள்ளைகள் என் குரலைக் கேட்டது அப்போதுதான்.

கொழுந்தன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். எத்தனை தடவை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார். அந்தப் பெண்ணுக்கு அவர்தான் விவரம் சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பாட்டி, தெரியாம சிரிச்சுட்டேன்..."

"நீ என்னத்தா செய்வ. இன்னொரு தரம் போடு."

மருமகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆளு..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"இல்லக்கா. மீனு மட்டுந்தான்."

மருமகள் என் பக்கம் திரும்பினாள். ஊரே என்னிடம் கேட்டதைத்தான் அந்தக் கண் கேட்டது.

"அவன் வர மாட்டான்த்தா," என்றேன். "நீ இனிமே காத்திருக்க வேணாம்."

தெருப் பெண்கள் கூடி, பூவும் வளையலும் போட்டுப் பிறகு கழற்றுகிற சடங்கை அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "அங்க கூட்டிட்டுப் போங்க, போதும்," என்றாள். எங்கள் கரையில் பொம்பளைகள் தொழிலுக்குப் போகும் படகில் ஏறுவதில்லை. மறுநாள் காலையில் கொழுந்தன் மறுபேச்சுப் பேசாமல் எங்கள் ரெண்டு பேரையும் கைபிடித்து ஏற்றினார்.

பிள்ளைகளுக்கு அங்கே எண்ணிக்கை பாக்கி இருந்தது. ஜோடியாக இறங்கினார்கள். குமிழி மேலே வந்துகொண்டே இருந்தது. மருமகள் அதைப் பார்த்தபடி தாலிக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். தண்ணீரில் விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பதைத்தது.

"போட்ராதத்தா. ஒம் பிள்ளைக்கு ஆகும்."

"போடல அத்தை. நீங்க வச்சுக்கங்க," என்று என் கையில் வைத்துவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. கொழுந்தன் எஞ்சின் மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அப்போது தூரத்தில் அந்தப் பெண்ணின் தலை மேலே வந்தது. பெருவிரலையும் அடுத்த விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினாள். நலம் என்று அர்த்தம், படகில் ஏறும்போதே சொல்லியிருந்தாள். படகிலிருந்தும் யாராவது அப்படியே காட்ட வேண்டும். இல்லாவிட்டால் படகில் ஏதோ ஆபத்து என்று பயந்துபோவார்கள். அவள் காத்திருந்தாள். மறுபடியும் காட்டினாள்.

படகில் வேறு யாரும் நிமிரவில்லை. தாலியை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, அந்த ரெண்டு விரலையும் சேர்த்து, நான் கையைத் தூக்கினேன்.