மீன் குடிக்காத ஏரி

செங்காட்டேரியில் ஒரு சுவர் நேராக நின்றால் "சவுரி வச்சதா?" என்றுதான் கேட்பார்கள். கோணலாக இருந்தால் கேட்கவே மாட்டார்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று சவுரிராயன் மட்டம் பிடித்த கட்டடங்கள் ஏராளம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வரப்பு வெட்டியும் களை பறித்தும் காலத்தை ஓட்டியவர்கள். அந்தக் குடும்பத்தில் 'மேஸ்திரி' என்று கூப்பிடப்பட்ட முதல் ஆள் அவர்தான். அறுபத்திரண்டு வயதில் அவருக்குச் சொத்து என்றால் அந்த ஒரு சொல்தான்.

அந்தச் சொத்தை ஆறு வருஷமாகக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது, அவருக்கு மட்டும் தெரிந்து.

ஊருக்கு வடக்கே ஏரி. கரையில் ஒரு நாலுகால் மண்டபம். தண்ணீர்ப் பக்கத்துத் தூணில் முழ நீளத்துக்கு ஒரு மீன் செதுக்கியிருக்கும். செதுக்கியது யார் என்று டீக்கடையில் கேட்டால் பல்லவன் என்பார் ஒருவர், நவாப் என்பார் இன்னொருவர், அதற்குள் டீ ஆறிவிடும். எவனாயிருந்தால் என்ன, தண்ணீரைத் தெரிந்தவன். கார்த்திகை மழையில் ஏரி ஏறி மீனின் வாயைத் தொட்டதும், நூறடி தள்ளியிருக்கும் கலங்கல் சுவரைத் தாண்டி மிச்சத் தண்ணீர் வழியத் தொடங்கும். "மீன் குடிச்சிடுச்சு" என்று பெண்கள் தூணுக்கு மஞ்சள் பூசுவார்கள். அந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணீர் பாயும் என்று அர்த்தம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கலங்கல் இடிந்துபோக, திரும்பக் கட்டும் வேலை சவுரிராயனுக்கு வந்தது. மீனின் வாய் மட்டத்தைக் கலங்கலுக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை மீனிடமும் மறுமுனையைக் கலங்கலிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே குறி போட்டுவிடலாம். ஒன்றே ஒன்றுதான் கவனிக்க வேண்டும்: டியூபுக்குள் காற்று நிற்கக் கூடாது, நின்றால் மட்டம் தப்பிவிடும். அதற்காக முனையிலிருந்து முனைவரை ஒரு தடவை பார்த்துவிடுவது வழக்கம். நாற்பது வருஷத் தொழில் கொடுத்த தைரியத்தில் அவர் அன்றைக்குப் பார்க்கவில்லை. மேஸ்திரி போட்ட குறி என்பதால் வேறு யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் மீன் வாய்க்கு நாலு விரல் கீழே தண்ணீர் நிற்கும்போதே கலங்கல் ஓடிற்று. அன்றைக்கு டியூபில் காற்று நின்றிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்தது; வெளியே சொல்லவில்லை.

ஊருக்குத்தான் விளங்கவில்லை. வழிகிற ஏரியின் கரையில் நின்றுகொண்டே மழை போதவில்லை என்றார்கள். தூண் மேலே எழும்பிவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னார். சவுரியின் மட்டத்தைச் சந்தேகப்படுவதைவிட, கல்தூண் வளர்ந்ததை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

நாலு விரல்தானே என்று தோன்றும். ஏரி முழுக்க நாலு விரல் என்பது கடைமடைக்கு ஒரு கடைசித் தண்ணீர். அங்கே அரைக் காணி வைத்திருந்த கோவிந்தம்மாளுக்கு வருஷா வருஷம் பால் பிடிக்கிற சமயத்தில் கதிர் காய்ந்தது. அந்தம்மா எதிரே வந்தால் சவுரிராயன் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவார்.

இந்த வருஷம் மண்டபத்தருகே வரலாற்றுப் பலகை ஒன்று வைக்க ஏற்பாடாயிற்று. வாசகம் எழுதியவர் கல்லூரியில் வரலாறு நடத்தும் கலைப்பிரியா. பலகையை நட சவுரிராயனைத்தான் கூப்பிட்டிருந்தார்.

"கேளுங்க மேஸ்திரி" என்று வாசித்தார். "'தூணில் உள்ள மீன் அலங்காரச் சிற்பமே. நீர்மட்டத்தோடு அதற்குத் தொடர்பு இல்லை.' அஞ்சு வருஷமா அளந்து பாத்துட்டேங்க. ஊர்ல சொல்றது சும்மா கதை."

சவுரிராயன் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார். தன் பேர் கெட்டுவிடுமோ என்று பயந்த பயத்தில், என்றைக்கோ செத்துப்போன ஒரு கல்தச்சனின் பேர் கெடும் என்று அவர் நினைத்ததே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மீன் சரியாத்தான் இருக்குது டீச்சர். நான் வச்ச கலங்கல்தான் நாலு விரல் தாழ்வு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

கலைப்பிரியா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் வாசகத்த மாத்திடறேங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சிக்கினு இருந்தது போதும் டீச்சர். தண்ணி கெடைக்காதவங்களுக்குத் தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடிய விவசாயிகள் முன்னால் சொன்னார். கோவிந்தம்மாள் மட்டும் எழுந்தார்.

"ஆறு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நான் வானத்தத் திட்டிக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு, தான் வெதைக்கிற நேரந்தான் சரியில்லன்னு சொல்லிக்கினே போய்ச் சேந்தாரு."

அவ்வளவுதான். அந்தம்மா இறங்கிப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சவுரிராயன் தாங்கியிருப்பார்.

அதிகாரிகள் வந்து அளந்தார்கள். நாலு விரல் சரிதான். சித்திரையில் ஏரி வற்றியதும் கலங்கலைப் பழைய மட்டத்துக்கு உயர்த்த அனுமதி வந்தது. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புது டியூப் வாங்கித் தண்ணீர் நிரப்பி, முனையிலிருந்து முனைவரை இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தூணருகே போனார். அங்கே கோவிந்தம்மாள் நின்றிருந்தார்.

"அந்த முனைய நான் புடிக்கிறேன்" என்றார். "அதுக்கு முன்ன டியூப நானும் ஒருக்கா பாக்கணும்."

"பாருங்கம்மா."

மீனிலிருந்து கலங்கல் வரைக்கும், குனிந்து, டியூபைத் தடவிக்கொண்டே அந்தம்மா நடந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"மேஸ்திரி, இங்க இன்னாவோ நிக்குது பாரு."

சவுரிராயன் ஓடிப்போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடுகளவு காற்று. இரண்டு தடவை பார்த்தும் அவர் கண்ணில் படாதது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது. டியூபிலிருந்த தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு, முதலிலிருந்து நிரப்பத் தொடங்கினார்.